ஓய்வுக்குப் பிறகு கோவையா, திருச்சியா, சொந்த ஊரா?

கேள்வி: எனக்கு வயது 59. வரும் மே மாதம் வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெறுகிறேன். வேளச்சேரியில் சொந்த ஃப்ளாட் இருக்கிறது. மகன் பெங்களூரில், மகள் கனடாவில். எனக்குத் தென்காசி பக்கத்தில் இருக்கும் சொந்த ஊருக்கே போய்விட ஆசை. அப்பா கட்டிய வீடு அங்கே பூட்டிக் கிடக்கிறது. மனைவி கோவை என்கிறார். அவருடைய தங்கை வடவள்ளியில் இருக்கிறார். நண்பர்கள் திருச்சியைச் சொல்கிறார்கள். மனைவிக்கு மூட்டுவலி, எனக்கு ரத்த அழுத்தம். ஃப்ளாட்டை விற்றுவிட்டு வேறு ஊரில் வீடு வாங்கலாமா? வாழ்வதற்குச் சிறந்த ஊர் எது?

பதில்: ஃப்ளாட்டை இப்போது விற்க வேண்டாம். அதை வாடகைக்கு விடுங்கள். போகிற ஊரிலும் ஒரு வருடம் வாடகை வீட்டில் இருந்து பாருங்கள். முப்பது வருடமாக நகரமைப்பு வேலையில் இருக்கிறேன். ஓய்வுப் பணம் கைக்கு வந்த வேகத்தில் வீடு வாங்கி, இரண்டே வருடத்தில் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டுத் திரும்பியவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அந்த வயதில் அப்படி நடந்தால் பணத்தோடு தெம்பும் போய்விடுகிறது.

நண்பர்கள் ஏதாவது தரவரிசைப் பட்டியலைக் காட்டியிருக்கலாம். மத்திய அரசு 2021 மார்ச்சில் வெளியிட்ட 'வாழ்வதற்கு எளிதான நகரங்கள்' பட்டியலில், 10 லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்களில் பெங்களூரு முதலிடம், சென்னை நான்காம் இடம், கோவை ஏழாம் இடம். முதலிடம் பிடித்த அதே பெங்களூரில் 2024 மார்ச்சில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, மக்கள் லாரித் தண்ணீருக்குக் காத்து நின்றார்கள். உலக நகரங்களை வரிசைப்படுத்தும் எகனாமிஸ்ட் குழுமத்தின் பட்டியலுக்கு ஒரு முக்கியப் பயன், வெளிநாட்டுக்கு அனுப்பும் ஊழியர்களுக்கு, வசதி குறைந்த ஊரில் இருப்பதற்கான கூடுதல் படி எவ்வளவு கொடுப்பது என்று கம்பெனிகள் முடிவு செய்ய உதவுவது. மூட்டுவலி உள்ள ஒருவர் காய் வாங்கிக்கொண்டு நடந்து திரும்ப முடியுமா என்பதை அந்த மதிப்பெண் சொல்லாது.

அதனால் நான் ஊரைவிடத் தெருவைத்தான் பார்ப்பேன். வீட்டு வாசலிலிருந்து அரைக் கிலோமீட்டருக்குள் என்ன இருக்கிறது, யார் இருக்கிறார்கள் என்பதில்தான் ஓய்வுக்காலம் ஓடும்.

முதலில் தண்ணீர். கோவை என்றாலே சிறுவாணி என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் பில்லூர் அணைத் தண்ணீர் வரும் பகுதிகளும் உண்டு. பல இடங்களில் குழாய்த் தண்ணீர் தினமும் வருவதில்லை. சிறுவாணி அணை இருப்பது கேரளத்தில். கோடையில் மட்டம் இறங்கினால் இங்கே வரும் அளவும் குறையும். 1,000 அடி போர் போட்டும் தண்ணீர் கிடைக்காத இடங்கள் கோவையில் இருக்கின்றன. ஆகவே புரோக்கரிடம் கேட்காமல், பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேளுங்கள்: குழாய்த் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, போன சித்திரையில் எத்தனை லாரி வாங்கினீர்கள்? போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய்ப் பரிசோதனைக்குக் கொடுங்கள். குடிநீரில் கரைந்திருக்கும் உப்பு, அதாவது டிடிஎஸ், லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியே இல்லாத இடத்தில்தான் இந்தியத் தர நிர்ணயம் 2,000 வரை அனுமதிக்கிறது.

தண்ணீர் இல்லாதது ஒரு தொல்லை என்றால், வீட்டுக்குள் வருவது இன்னொன்று. வேளச்சேரியில் 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரையும் பார்த்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கோவையிலும் நொய்யல் ஆற்றோடு சேர்ந்த குளங்கள் வரிசையாக இருக்கின்றன. பழைய வாய்க்கால் ஓடிய தடத்தில் மனை போட்டிருந்தால் ஐப்பசி மழை வழி கேட்டு வரத்தான் செய்யும். வாங்கும் நிலை வரும்போது வில்லங்கச் சான்றிதழ், பட்டாவோடு நிறுத்திவிடாமல் 'அ' பதிவேட்டையும் நில அளவைப் படத்தையும் எடுத்துப் பாருங்கள். அந்தச் சர்வே எண் முன்பு எந்த வகை நிலம், பக்கத்தில் ஓடையோ குளமோ காட்டியிருக்கிறதா என்பது அவற்றில் தெரியும்.

அடுத்தது மருத்துவமனை. உங்களுக்கு ரத்த அழுத்தம் இருப்பதால் இதைத் தள்ளிப்போட முடியாது. ரத்தக்குழாய் அடைத்து வரும் பக்கவாதத்தில், அடைப்பைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் மூளையை சிடி ஸ்கேன் எடுத்தாக வேண்டும். இரவு 2 மணிக்கும் இந்த இரண்டையும் செய்யக்கூடிய மருத்துவமனை எது, அங்கே போக எவ்வளவு நேரம் ஆகும்? மூன்று ஊர்களுக்கும் இதை விசாரித்து ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். சொந்த ஊர்மேல் இருக்கும் ஆசையைக் குறைப்பதற்காகச் சொல்லவில்லை. திருநெல்வேலி வரை போகவேண்டிய நிலை என்றால் அது சுமார் 55 கிலோமீட்டர், அதையும் கணக்கில் வையுங்கள்.

இப்போது உங்கள் கடிதத்தில் என்னை யோசிக்க வைத்த இடத்துக்கு வருகிறேன். சொந்த ஊர் உங்களுக்குச் சொந்த ஊர். உங்கள் மனைவிக்கு அது புகுந்த ஊர். உங்களோடு படித்தவர்களில் இன்னும் அங்கே இருப்பவர்கள் எத்தனை பேர்? பெயர்களை எண்ணிப் பாருங்கள். நாலைந்து பேர் தேறவில்லை என்றால், நீங்கள் திரும்பிப் போக நினைக்கும் ஊர் உங்கள் நினைவில்தான் இருக்கிறது. வடவள்ளியில் உங்கள் மனைவிக்குத் தங்கை இருக்கிறார். குளியலறையில் வழுக்கி விழுந்தால் மாற்றுச் சாவியோடு பத்து நிமிடத்தில் வந்து நிற்பவர் அவர்தான். எந்தப் பட்டியலிலும் இதற்கு மதிப்பெண் கிடையாது, நான் இதற்குத்தான் அதிக மதிப்பெண் போடுவேன்.

திருச்சி நல்ல ஊர்தான். காவிரித் தண்ணீர், நல்ல மருத்துவமனைகள், சென்னைக்கு ஐந்தாறு மணி நேரப் பயணம். ஆனால் அங்கே உங்களுக்கென்று யாரும் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. அப்புறம், வெயில். ஏப்ரல், மே மாதங்களில் அங்கே 40 டிகிரி சாதாரணம். கோவை கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்றும் வரும். பெங்களூருக்கு வந்தே பாரத் ஓடுவதால் மகன் வந்துபோவதும் எளிது.

ஆகவே கோவைதான் என் தேர்வு. அதிலும், தங்கை வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் கிடைத்தால்தான். தரைத்தளமாகப் பாருங்கள், அல்லது மின்சாரம் போனாலும் ஓடும் லிஃப்ட் உள்ள கட்டடமாக இருக்கட்டும். மேற்கத்திய கழிவறை, குளியலறையில் கைப்பிடி, தெருவில் நடக்க விளக்கு இருக்க வேண்டும். மருந்துக்கடையும் பஸ் நிறுத்தமும் எவ்வளவு தூரம் என்பதை மனைவியையே நடந்து பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். உங்கள் நடையை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒருமுறை மே மாத மதியத்திலும் ஒருமுறை நல்ல மழைநாளிலும் அந்தத் தெருவுக்குப் போய்வாருங்கள்.

அப்பாவின் வீட்டையும் விற்க வேண்டாம். கூரை ஓடுகளைச் சரிசெய்து, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, ஒரு அறையும் சமையல்கட்டும் புழங்குகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஜூனில் குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கியதும் இரண்டு பேரும் அங்கே போய் ஆவணி வரை இருந்துவிட்டு வாருங்கள். அந்த மாதங்களில் யார் வந்து கதவைத் தட்டுகிறார்கள், உங்கள் மனைவி யாரோடு உட்கார்ந்து பேசுகிறார் என்று கவனியுங்கள். ஃப்ளாட்டைப் பற்றிய முடிவை அதற்குப் பிறகு எடுத்தால் போதும்.