இத்தாலிய நுரை ஒயின்களில் எதை எந்த உணவோடு பரிமாறலாம்?

முதலில் லேபிளில் இனிப்பின் அளவைப் பாருங்கள். பலரும் சறுக்குவது அங்கேதான். 'எக்ஸ்ட்ரா ட்ரை' என்பதில் லிட்டருக்கு 12 முதல் 17 கிராம் சர்க்கரை இருக்கும். 'புரூட்' 12 கிராமுக்குள். 'ட்ரை' என்றால் இனிப்பற்றது என்று பொருள். ஆனால் பெயருக்கு மாறாக எக்ஸ்ட்ரா ட்ரைதான் அதிக இனிப்பு.

புரொசெக்கோ வெனெத்தோ, ஃபிரியுலி பகுதிகளில் கிளேரா திராட்சையிலிருந்து வருவது. நுரையைத் தரும் இரண்டாம் நொதித்தல் பெரிய எஃகுத் தொட்டியில் நடப்பதால் பேரிக்காய், ஆப்பிள் வாசம் கெடாமல் நிற்கும். புரூட்டைப் பொரித்த கணவாய், இறாலோடு வையுங்கள். உப்புக் கரிக்கும் புரொஷுத்தோவுக்கு (உலர்த்திய பன்றித் தொடை இறைச்சி) எக்ஸ்ட்ரா ட்ரை. இதை ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைப்பது வீண், வாசம் மங்கிவிடும்.

லொம்பார்தியாவின் ஃபிரான்சியகோர்த்தா வேறு ரகம். இதில் இரண்டாம் நொதித்தல் பாட்டிலுக்குள்ளேயே நடக்கும், ஒயின் ஈஸ்ட் வண்டலோடு குறைந்தது 18 மாதம் கிடக்கும். அதனால் வரும் ரொட்டி வாசமும் கனமும் வெண்ணெய் சேர்த்த மிலான் குங்குமப்பூ ரிசொத்தோவுக்கு (குழைவான அரிசி உணவு) ஈடுகொடுக்கும். புரொசெக்கோ அங்கே காணாமல் போகும்.

எமிலியாவின் சிவப்பு லம்புரூஸ்கோவைப் பலர் மட்டமாகப் பேசுவது அநியாயம். 'செக்கோ' (இனிப்பற்றது) என்று போட்ட பாட்டிலாக வாங்குங்கள். அதன் புளிப்பும் லேசான துவர்ப்பும் மொர்த்ததெல்லா என்னும் பன்றி இறைச்சித் தொத்திறைச்சியின் கொழுப்பை நாக்கிலிருந்து வழித்தெடுத்துவிடும். பார்மிஜானோ பாலாடைக்கட்டிக்கும் இதுவே.

கேக்கோடு புரூட் ஊற்றாதீர்கள். கேக்கின் இனிப்புக்கு முன் ஒயின் வெறும் புளிப்பாகத் தெரியும். பனெத்தோனே என்னும் இனிப்பு ரொட்டிக்கு, இனிப்பான மொஸ்காத்தோ தாஸ்தி ஒயினை எடுங்கள். ஆல்கஹாலும் சுமார் 5 சதவீதம்தான். வெள்ளை ரகங்களை 6 முதல் 8 டிகிரியில் பரிமாறுங்கள். சூடேறினால் திறக்கும்போதே பாதி நுரை மேசையில்தான்.