வார்டில் நிற்பவருக்கு எதற்கு பிஎச்.டி.?

அன்புள்ள டாக்டருக்கு,

வணக்கம். அரசு மருத்துவமனை ஒன்றில் ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறேன். நோயாளிகளைப் பார்ப்பது பிடித்திருக்கிறது. ஆனால் இங்கிருந்து போனவர்கள் அப்புறம் என்ன ஆனார்கள் என்று யாருமே கேட்பதில்லை என்பது உறுத்துகிறது. சிகிச்சைக்குப் பின்னான விளைவுகளையே ஆராய்ச்சியாக எடுத்துப் பிஎச்.டி. செய்யலாமா என்று யோசிக்கிறேன். 'ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் ஆகிவிடும், ஒழுங்காக நீட் பி.ஜி.க்குப் படி' என்கிறார் அப்பா. 'அது புள்ளியியல்காரர்கள் வேலை, டாக்டர் எதற்கு?' என்கிறார்கள் நண்பர்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

முதலில் நண்பர்களுக்குப் பதில். உங்கள் வார்டு ரிஜிஸ்டரை எடுத்துப் பாருங்கள். வரிசையின் கடைசிக் கட்டத்தில் 'ஏ.எம்.ஏ.' என்று எழுதியிருக்கும் பெயர்கள் நிறைய இருக்கும். டாக்டர் சொல்லைக் கேட்காமல் வீட்டுக்குப் போனவர்கள் என்று கணக்கு. அவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியும். வென்டிலேட்டரில் இருக்கும் பெரியவர் இனித் தேறமாட்டார் என்று தெரிந்ததும், 'உசிரு வீட்ல போகட்டும் சார்' என்று மகன் கையெழுத்துப் போட்டு ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போவார். அன்று இரவே முடிந்துவிடும். பணம் தீர்ந்து கிளம்பியவருக்கும், அறுவை சிகிச்சைக்குப் பயந்து நழுவிய இளைஞனுக்கும் அதே மூன்றெழுத்துதான். அந்த ரிஜிஸ்டரைக் கணினியில் ஏற்றி இறப்பு விகிதம் பார்ப்பவருக்கு மூவருமே உயிரோடு வீடு திரும்பியவர்கள்! கணக்கு பிசகாமல் வரும், விடை தப்பாக இருக்கும்.

இது வார்டில் நின்றவருக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்வது என்பதுதான் அவருக்குத் தெரியாது. மருத்துவமனையில் இறந்தாரா என்று கேட்காமல், சேர்ந்ததிலிருந்து முப்பதாம் நாள் உயிரோடு இருந்தாரா என்று கேட்க வேண்டும். கேஸ் ஷீட்டில் இருக்கும் போன் நம்பர் பாதி நேரம் கூட வந்த பக்கத்து வீட்டுக்காரருடையது. கிடைக்காமல் போனவர்களை எப்படிக் கணக்கில் கொள்வது என்பதற்கு முறைகள் இருக்கின்றன. அதேபோல, தனியாரில் பத்து நாள் வைத்திருந்து கைவிட்டபின் ஜி.எச்.சுக்கு வருகிறவர்களை வைத்து, ஜி.எச்.சில் சாவு அதிகம் என்று சொல்வது அநியாயம். வந்து சேர்ந்தபோது எந்த நிலையில் இருந்தார் என்பதையும் சேர்த்து ஒப்பிட வேண்டும். பிஎச்.டி. கற்றுத்தருவது இதைத்தான்.

போஸ்டனில் எர்னஸ்ட் காட்மன் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் நூறு வருடத்துக்கு முன்பே இதைக் கேட்டார். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு அட்டை போட்டு, ஒரு வருடம் கழித்து என்ன ஆனார் என்று எழுதி வைத்தார். தன் சொந்த மருத்துவமனையில் 1911 முதல் 1916 வரை பார்த்த 337 பேரில் 123 தவறுகள் நடந்தன என்று அவரே அச்சிட்டு வெளியிட்டார். சக டாக்டர்கள் அவரைக் கொண்டாடவில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

நம் ஊரிலேயே இதைவிடப் பெரிய உதாரணம் உண்டு. 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம். காசநோய் என்றால் சானடோரியத்தில் படுக்கை, நல்ல சாப்பாடு, ஓய்வு என்றிருந்த காலம் (தாம்பரத்துக்கு முந்தைய ரயில் நிலையத்தின் பெயரில் இன்னும் அது இருக்கிறது). நோயாளிகள் 193 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குச் சானடோரியத்திலும் மறுபாதிக்கு நெரிசலான அவரவர் வீட்டிலும் ஒரே மாத்திரைகளை ஒரு வருடம் கொடுத்தார்கள். இரு தரப்பும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமானார்கள். 1959-ல் முடிவு வெளியானது. எனக்குப் பிடித்தது வேறு இரண்டு விஷயங்கள். வீட்டில் இருந்தவர்கள் மாத்திரையை விழுங்கினார்களா என்று, சொல்லாமல் கொள்ளாமல் போய்ச் சிறுநீர் வாங்கிச் சோதித்தார்கள். அப்புறம், கூட வாழ்ந்த குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றியதா என்றும் பின்தொடர்ந்தார்கள். தொற்றவில்லை. மாத்திரை வாங்கிப் போகிறவர்கள் எல்லாரும் விழுங்குவதில்லை என்று அறிந்தவர்கள் போட்ட திட்டம் அது. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் காலியானதில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

சரி, அப்பா சொல்வதில் பாதி நியாயம். இங்கே முதுநிலைப் பட்டம் இல்லாமல் பிஎச்.டி.யை மட்டும் வைத்துக்கொண்டு மருத்துவக் கல்லூரியின் கிளினிக்கல் துறையில் ஆசிரியர் ஆக முடியாது. அமெரிக்காவில் 1964 முதல் அரசு உதவியோடு மருத்துவப் பட்டத்தையும் பிஎச்.டி.யையும் சேர்த்துப் படிக்கும் திட்டம் இருக்கிறது, முடிக்கச் சுமார் எட்டு வருடம். அதில் வழக்கமான வரிசை, இரண்டு வருடம் மருத்துவப் பாடம், பிறகு பிஎச்.டி., அதன் பிறகுதான் வார்டு. சோதனைக்கூடத்தில் எலியை வைத்து வேலை செய்கிறவருக்கு அது சரிப்படும். உங்கள் துறைக்கு ஒத்துவராது என்பது என் எண்ணம். ஏ.எம்.ஏ. என்றால் என்ன என்று தெரியாமலே ஆய்வேடு எழுதி முடித்துவிடுவார்கள்.

அதனால் நீட் பி.ஜி. எழுதுங்கள். மெடிசினோ சமூக மருத்துவமோ, கிடைப்பதில் மனம் ஒட்டுவதை எடுங்கள். சமூக மருத்துவத்தை ராங்க் குறைந்தவர்கள் எடுப்பது என்று ஏளனமாகச் சொல்வார்கள், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். பிஎச்.டி. அதற்குப் பிறகு. அந்த வருடங்களிலும் வாரம் ஒரு நாளாவது ஓ.பி. பாருங்கள், இல்லாவிட்டால் கை மறந்துவிடும்.

எம்.டி.யில் எப்படியும் ஆய்வேடு கேட்பார்கள். பலர் சீனியருடைய தலைப்பில் ஊரை மட்டும் மாற்றி எழுதிக் கொடுக்கிறார்கள். நீங்கள் ஏ.எம்.ஏ. போனவர்களை முப்பதாம் நாள் அழைத்து விசாரிப்பதையே எடுங்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதியை முதலிலேயே வாங்கிவிடுங்கள். நோயாளி சேரும்போதே ஒப்புதலும், ஒன்றுக்கு மூன்றாகப் போன் நம்பரும் வாங்குங்கள். துக்க வீட்டுக்குப் போன் போகும் என்பதால், முதல் வாக்கியத்தில் என்ன கேட்பது என்று எழுதி வைத்துக்கொண்டு அழையுங்கள்.