நாடகத்தில் வரும் பிரெஞ்சு விவசாயியின் கூலியில்லா வேலை

வணக்கம் நண்பரே. 1770களின் பிரான்ஸில் நடக்கும் உங்கள் நாடகத்தில் விவசாயி வாரம் மூன்று நாள் பிரபுவின் வயலில் கூலியில்லாமல் உழுகிறார், இது சரியா என்று கேட்டிருந்தீர்கள். அந்த இடத்தை மாற்றிவிடுங்கள். வாரம் மூன்று நாள் என்பது ரஷ்யப் பண்ணையடிமைகளின் கதை. பிரான்ஸில் பிரபுவுக்குச் செய்யும் ‘கோர்வே’, அதாவது கூலியில்லாத கட்டாய வேலை, அதற்குள் பெரும்பாலும் வருஷத்துக்குச் சில நாளாகச் சுருங்கிவிட்டது. பல ஊர்களில் அதற்குப் பதில் பணம் கட்டினார்கள்.

அந்தக் காலத்தில் மக்களை வதைத்தது அரசரின் கோர்வே, அதாவது சாலை வேலை. 1738இல் அதைப் பரவலாக்கினார்கள். சாலையை ஒட்டிய ஊர்க்காரர்கள் சொந்த மண்வெட்டி, சொந்த வண்டியோடு வந்து கல் கொட்ட வேண்டும். கல்லிழுத்து உழவு மாடு நொண்டினால் நஷ்டம் மாட்டுக்காரருக்குத்தான். பிரபுக்களுக்கும் பாதிரிமார்களுக்கும் விலக்கு. அவர்களுடைய கோச்சு வண்டி மட்டும் அதே சாலையில் ஓடும். எவ்வளவு பெரிய அநியாயம்! இது கட்டாயம் மேடைக்கு வர வேண்டும்.

முடிந்தால் கதையை 1776இல் வையுங்கள். நிதிப் பொறுப்பிலிருந்த துர்கோ அந்த வருஷத் தொடக்கத்தில் சாலைக் கோர்வேயை ஒழித்து, நிலம் வைத்திருப்போர் மீது வரி போட்டார். மே மாதம் அவர் பதவி போனது. ஆகஸ்டில் கோர்வே திரும்பி வந்தது. நிம்மதியாக இருந்த ஊருக்கு மறுபடி அழைப்பு வரும் காட்சியே போதும்.

அப்புறம், பிரபுவை நாடகத்திலிருந்து எடுத்துவிடாதீர்கள். பல ஊர்களில் அவருடைய ஆலையில்தான் கட்டணம் கொடுத்து மாவு அரைக்க வேண்டும். அவருடைய புறாக்கள் விதைத்த தானியத்தைத் தின்றாலும் விவசாயி கைவைக்க முடியாது.