ஊர் எரியேக்க நித்திரை கொள்ளலாமா? ஆர்.பி.ஜி. (கதையில் ஒரு பாத்திரமாக மாறி ஆடும்) கேம்கள் பற்றிக் கேள்வி பதில்

த விச்சர் 3, மாஸ் எஃபெக்ட் இரண்டையும் இன்னும் முடிக்காதவர்கள் கவனம்: கதை முடிச்சுகள் சில கீழே அவிழ்கின்றன.

கொக்குவில்: அண்ணை, த விச்சர் 3இல அநாதைப் பிள்ளையளைக் காப்பாத்தத்தான் மரத்துக்குள்ள அடைபட்ட ஆவியை விட்டனான். பிறகு பாத்தால் ஒரு கிராமமே அழிஞ்சுபோச்சு. அந்தப் பக்கத்தை ஆளுற பாரன்ரை மனிசியும் செத்து, அந்தாளும் தூக்கில தொங்கிட்டார். எங்க பிழை விட்டனான்?

பதில்: பிழை ஒன்றும் விடவில்லை, தம்பி. ஆவியைக் கொன்றிருந்தால் அந்தப் பிள்ளைகள் போயிருப்பார்கள். பாரனின் மனைவி அன்னா புத்தி பேதலித்தாலும் உயிரோடு இருந்திருப்பாள். வைத்தியம் தேடி பாரன் அவளைத் தூரத்து மலைகளுக்குக் கூட்டிப்போயிருப்பார். எந்தப் பக்கம் போனாலும் ஒரு வீட்டில் இழவு. போலந்தின் சீடி புறொஜெக்ட் றெட் 2015இல் வெளியிட்ட இந்தக் கேமில் நான் மிகவும் மதிக்கிற இடம் இதுதான். விளைவு உடனே வருவதில்லை. நீர் மரத்தடியில் முடிவெடுத்து, வேறு வேலைகள் பார்த்து, பல தரம் சேவ் பண்ணிய (அதுவரை ஆடியதைப் பதிந்து வைத்த) பிறகுதான் செய்தி வந்து சேர்கிறது. அப்போது பழைய சேவுக்குத் திரும்பிப்போக மனம் வராது, செய்ததோடு இருந்துவிடுவீர். நல்லது செய்தால் நீலப் புள்ளி, கெட்டது செய்தால் சிவப்புப் புள்ளி என்று கையோடு கணக்குக் காட்டும் கேம்களில் இந்தக் கனம் வரவே வராது. அங்கே நாங்கள் ஆளைப் பார்ப்பதில்லை, புள்ளியைத்தான் பார்க்கிறோம்.

சாவகச்சேரி: இதெல்லாத்தையும் கேம் எப்பிடி ஞாபகம் வச்சிருக்கு? ஒவ்வொரு தெரிவுக்கும் தனித்தனிக் கதை எழுதுவினமோ?

பதில்: ஞாபகம் வைப்பது லேசு. ஆவியை விட்டாரா, கொன்றாரா என்று சேவ் பைலில் ஒரு குறி விழும். பின்னால் வரும் காட்சி அந்தக் குறியைப் பார்த்துத் தன் வசனத்தை மாற்றிக்கொள்ளும்.

கஷ்டம் எழுதுவதில்தான். இரண்டு வழியுள்ள தெரிவுகள் பத்து வந்தாலே 1024 விதமான உலகம். அத்தனைக்கும் குரல் கொடுத்துக் காட்சி அமைக்க எந்த நிறுவனத்தாலும் ஏலாது. ஆகவே கிளை பிரிந்து, கொஞ்சத் தூரம் போய், திரும்ப ஒரே பாதையில் சேரும். 2007இல் வந்த மாஸ் எஃபெக்டில் ஆஷ்லி, கெய்டன் என்ற தோழர்கள் இருவரில் ஒருவரைத்தான் காப்பாற்றலாம். அந்தச் சேவ் பைலை அடுத்த பாகங்களுக்குக் கொண்டுபோனால், 2012இல் வந்த மூன்றாம் பாகத்தில் தப்பியவர் வந்து நிற்பது பெரும்பாலும் அதே இடங்களில்தான். ஆனால் நிற்கிறவர் யார் என்பது உங்கள் கையால் நடந்தது, அது போதும். அந்த மூன்றாம் பாகத்தின் முடிவில் பலர் கொதித்ததற்குக் காரணம், மூன்று பாகத்துத் தெரிவுகளும் கடைசியில் ஒன்றையொன்று ஒத்த சில முடிவுகளுக்குள் ஒடுங்கியதுதான். அதே வருடமே முடிவை விரித்து இலவசமாகக் கொடுத்தார்கள்.

விதிவிலக்கும் உண்டு. 2011இல் வந்த த விச்சர் 2இல் ரோஷ், இயோர்வெத் என்ற தலைவர்கள் இருவரில் யாரோடு போகிறீர்கள் என்பதைப் பொறுத்து இரண்டாம் அங்கம் வேறு ஊரில், வேறு ஆட்களோடு நடக்கும். ஒருமுறை விளையாடுபவர் அந்த அங்கத்தின் பாதியைக் காணவே மாட்டார். அதற்குத் துணிந்த எழுத்தாளர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

நல்லூர்: அண்ணா, உலகம் அழியப்போகுது, கெதியா வா எண்டு சொல்லினம். நான் பத்து நாள் சும்மா சுத்தித் திரிஞ்சாலும் ஒண்டும் அழியேல்லை. ஏன்?

பதில்: கனக்கக் கேம்களில் உலகம் உங்களுக்காகக் காத்து நிற்கும், தங்கச்சி. ஸ்கைரிமில் (2011) ஆல்டுயின் என்ற டிராகன் உலகை விழுங்க வந்தும் நீங்கள் போகும்வரை பொறுமையாக இருக்கும். இன்னொரு வகை நல்லூர்த் திருவிழா மாதிரி: கொடியேறினால் 24ஆம் நாள் தேர், நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும். 1997இல் வந்த முதலாவது ஃபோல்அவுட் அந்த வகை. தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரத்துக்கான மின்னணுச் சில்லை (சிப்) கொண்டுவர 150 நாள் தவணை. தவறினால் ஆட்டம் முடிந்தது. ஆட்களை அவசரப்படுத்துகிறது என்று பலருக்கு இது பிடிக்காது. எனக்குப் பிடிக்கும். பாலைவனத்தில் ஒவ்வொரு நடைக்கும் விலை இருக்கிறது.

இரண்டுக்கும் நடுவில் நிற்பது 2023இன் போல்டர்ஸ் கேட் 3. பொதுவாகக் காத்திருக்கும், ஆனால் சில இடத்தில் இல்லை. வோக்கீன்ஸ் ரெஸ்ட் சத்திரம் எரிவதைக் கண்டபின் முகாமுக்குப் போய் நித்திரை கொண்டால், உள்ளே அகப்பட்டவர்கள் விடியமுன் செத்திருப்பார்கள். நித்திரையும் ஒரு தெரிவு என்பதைக் கேம் சொல்லாமலே காட்டிவிடுகிறது.

பருத்தித்துறை: கதைக்குத் தேவையான ஆளையே கொன்றுபோட்டால்?

பதில்: ஸ்கைரிமில் முழங்காலில் விழுந்து திரும்ப எழும்புவார். அதே நிறுவனத்தின் மொரோவின்டில் (2002) செத்தே போவார். தீர்க்கதரிசனத்தின் இழை அறுந்துவிட்டது என்று அறிவித்துவிட்டு, கெட்டுப்போன அந்த உலகிலேயே தொடர விடும். எனக்கு மொரோவின்ட்தான்.

மானிப்பாய்: என்ர மகன் ஓ.எல். படிக்கிறான். ஒரு முடிவு பிழைச்சால் உடன பழையபடி லோட் பண்ணுறான். வாழ்க்கையிலையும் அப்பிடி நினைச்சிடுவானோ எண்டு பயமாக் கிடக்கு.

பதில்: பயப்படாதேங்கோ அக்கா, கேமையும் வாழ்க்கையையும் பிள்ளைகள் நன்றாகப் பிரித்தறிவார்கள். சோதனை முடிய அவனுக்கு அண்டர்டேல் (2015) எடுத்துக்கொடுங்கோ. அதில் தாயைப்போலப் பராமரிக்கும் டொரியலைக் கொன்றுவிட்டு, பழைய சேவுக்குப் போய் அவளை உயிரோடு விட்டால், பிளவி என்கிற பூ அவன் முன்பு செய்ததைச் சொல்லிக்காட்டும். பக்கத்தில் இருந்து, ஏன் அப்படித் தெரிவுசெய்தாய் என்று ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ. கதைப்பான்.

காரைநகர்: என்னட்டை போன் மட்டும்தான் கிடக்கு. எதிலை தொடங்க?

பதில்: குரோனோ டிரிகர். 1995இல் வந்தது, இப்போது போனுக்கும் வாங்கலாம். தொடக்கத்தில் ஒரு திருவிழா வரும். அங்கே யாருடையதோ மதியச் சாப்பாட்டை எடுத்துச் சாப்பிட்டீரா, பூனையைத் தொலைத்த சிறுமிக்கு உதவினீரா என்பதெல்லாம் பிறகு நீதிமன்றத்தில் சாட்சியமாக வரும். நிரபராதி என்று தீர்ப்பு வந்தாலும் சிறைக்குத்தான் போக வேண்டும், பாதை ஒன்றுதான். ஆனாலும் முதல்தரம் ஒரு வழிகாட்டியும் பாராமல் விளையாடும்.