பெனால்டி வேறு, வண்டிக் கண்ணாடி வேறு

வணக்கம் மேடம்,

எனக்கு 27 வயது. மண்டபம் பக்கம் தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா ஓரத்தில் எங்கள் ஊர். ஊர்ப்பெயர் வேண்டாம். நண்டு கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். நான் கேட்கப்போவது கால்பந்து பற்றித்தான், ஆனால் சின்ன விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். இதில் என் நெருங்கிய நண்பன் என்னைவிட்டுப் போய்விடுவானோ என்று பயமாக இருக்கிறது.

அவனுக்கு வடகடல், அதாவது பாக் விரிகுடாப் பக்கத்து ஊர். எங்கள் ஊரிலிருந்து பைக்கில் கொஞ்ச நேரம்தான். ராமநாதபுரத்தில் காலேஜ் படிக்கும்போது இரண்டு பேரும் ஒரே பஸ். அவன் அப்பாவுக்கு முடியாமல் போனதும் படிப்பை விட்டுவிட்டு விசைப்படகில் ஏறிவிட்டான். அவன் அம்மா மீன் விற்றுக் குடும்பத்தைத் தாங்கியவர். எனக்கு எத்தனையோ நாள் சோறு போட்டிருக்கிறார்.

இரண்டு ஊருக்கும் கால்பந்துப் போட்டி எங்கள் அப்பா காலத்திலிருந்தே உண்டு. ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் விசைப்படகு ஆட்கள் கரையில் இருப்பார்கள், வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கிறவர்கள் சிலர் லீவில் வருவார்கள். அந்தச் சமயத்தில்தான் மின்னொளிப் போட்டி வைப்பார்கள். நானும் அவனும் எதிரெதிர்ப் பக்கம் நின்று கத்துவோம். மேட்ச் முடிந்ததும் தோற்ற ஊர்க்காரன் புரோட்டா வாங்கித் தரவேண்டும். இது எங்களுக்குள் இருக்கும் வழக்கம்.

இந்த வருஷம் இறுதிப்போட்டியில் ஒன்றுக்கு ஒன்று என்று சமமாக இருந்தது. முடியப்போகிற நேரத்தில் அவர்களுக்கு ஒரு பெனால்டி கொடுத்தார் ரெஃப்ரி. எங்கள் டிஃபெண்டர் பந்தைத்தான் தட்டினான், ஆளைத் தொடவில்லை. கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் நின்று என் கண்ணால் பார்த்தேன். கோல் விழுந்தது, தோற்றுவிட்டோம். அவர்கள் வெடி போட்டார்கள். என் நண்பன் எங்கள் பையன்களுக்கு முன்னால் கொடியோடு ஆடினான். அது வழக்கம்தான், நாங்கள் ஜெயித்தால் நாங்களும் ஆடுவோம். ஆனால் வெளியே வண்டி நிறுத்திய இடத்தில் எங்கள் ஊர்ப் பையன்கள் சிலர் அவன் பைக் கண்ணாடியை உடைத்து, அவனைத் தள்ளிவிட்டார்கள். நான் குறுக்கே போய்த் தடுத்து அவனை அனுப்பி வைத்தேன். அன்றைக்கு ராத்திரி எங்கள் டீம் குரூப்பில் ஒருத்தன் அவன் அம்மாவைப் பற்றிக் கேட்கக் கூசுகிற மாதிரி ஒரு வாய்ஸ் நோட் போட்டான். அதை யாரோ அனுப்பி, அவன் காதுக்கும் போய்விட்டது.

குரூப்பில் இது தப்பு என்று எழுதினேன். என்னைத் தூக்கிவிட்டார்கள். ஊருக்குள் இப்போது எனக்குப் பேர் எட்டப்பன். அவனோ போனை எடுப்பதே இல்லை. 'மச்சான், அந்தப் பெனால்டி தப்புதான், ஆனா அதுக்காக எங்க பசங்க பண்ணினதும் தப்பு' என்று மெசேஜ் போட்டேன். படித்துவிட்டான், பதில் இல்லை.

ஆவணியில் என் தங்கச்சிக்குக் கல்யாணம். மளிகை வாங்குவதிலிருந்து பந்தி வரை எல்லாம் தானே பார்ப்பதாகச் சொன்னவன் அவன். எங்கள் டீம் கேப்டன் என் பெரியப்பா மகன். 'அவன் வந்தா நாங்க யாரும் வரமாட்டோம்' என்கிறார். இதற்கிடையில் எனக்குச் சரியான தூக்கமே இல்லை. கண்ணை மூடினால் அந்தப் பெனால்டிதான் ஓடுகிறது. 'ஒரு பந்துக்காடா இப்படி?' என்று அம்மா அழுகிறார். எனக்கு மனசில் ஏதாவது கோளாறா? கால்பந்தையே விட்டுவிடட்டுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மண்டபம்

அன்புள்ள தம்பிக்கு,

இது சின்ன விஷயமே இல்லை. ஊர், நட்பு, தங்கச்சி கல்யாணம் மூன்றும் ஒரே நேரத்தில் உங்களை இழுக்கின்றன. அந்த நெரிசலுக்குள் குறுக்கே போய் நண்பனைக் காப்பாற்றினீர்கள், குரூப்பிலும் வாயைத் திறந்தீர்கள். அதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று ஊர்க் கட்டுப்பாட்டுக்குள் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும்.

நீங்கள் அனுப்பிய மெசேஜை அவன் இடத்தில் இருந்து ஒரு முறை படித்துப் பாருங்கள். முதல் வரியே பெனால்டி தப்பு என்று தொடங்குகிறது. வண்டியை உடைத்தார்கள், பெற்ற தாயை அசிங்கமாகப் பேசினார்கள். அந்த ஆள் நிலையில் இருந்து படித்தால், 'உங்க பக்கமும் தப்பு, எங்க பக்கமும் தப்பு, சரிக்குச் சரி' என்றுதான் கேட்கும். நீங்கள் அப்படி நினைத்து எழுதவில்லை. ஆனாலும் ரெஃப்ரியின் தீர்ப்பும் அம்மாவுக்கு நேர்ந்த அவமானமும் ஒரே வாக்கியத்தில் வந்துவிட்டன. அவன் மௌனத்துக்குக் காரணம் பெனால்டி இல்லை என்று நான் நினைக்கிறேன். அவன் ஊர் ஜெயித்துவிட்டது, அதில் அவனுக்கு என்ன வருத்தம் இருக்கப்போகிறது?

அதனால் பெனால்டியைப் பேச்சிலிருந்து முழுசாக எடுத்துவிடுங்கள். நீங்கள் பார்த்தது பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டு பேரும் அதில் ஒத்துப்போகப் போவதே இல்லை. அமெரிக்காவில் 1951-ல் பிரின்ஸ்டன், டார்ட்மவுத் என்ற இரண்டு கல்லூரிகள் அவர்கள் நாட்டு ஃபுட்பால் ஆட்டம் ஒன்றில் மோதின. ஒரு பக்கம் மூக்கு உடைந்தது, இன்னொரு பக்கம் கால் உடைந்தது. அப்புறம் ஹேஸ்டார்ஃப், கேன்ட்ரில் என்ற இரண்டு உளவியலாளர்கள் அந்த ஆட்டத்தின் படத்தை இரண்டு கல்லூரி மாணவர்களுக்கும் போட்டுக் காட்டி, தப்பாட்டங்களை எண்ணச் சொன்னார்கள். டார்ட்மவுத் செய்த தப்பு என்று டார்ட்மவுத் மாணவர்கள் எண்ணியதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் எண்ணினார்கள் பிரின்ஸ்டன் மாணவர்கள். இத்தனைக்கும் இரண்டு பேரும் பார்த்தது ஒரே படம், யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் நின்ற உங்களுக்கும் எதிர்ப்பக்கம் நின்ற அவனுக்கும் அதுதான் நடந்திருக்கும்.

இனி மெசேஜ் வேண்டாம், நேரில் போங்கள். படகுத்துறையில் மற்ற ஆட்கள் சூழ நிற்கும்போது பேசாதீர்கள். அங்கே அவனும் தன் ஊருக்காக விறைப்பாக நிற்க வேண்டிவரும். கடலுக்குப் போகாத நாளில், அவன் தூங்கி எழுந்த பிறகு, வீட்டுக்குப் போங்கள். 'அம்மாவைப் பேசினது எனக்கும் தாங்கல மச்சான். அவங்க கையால சாப்பிட்டவன் நான்' என்கிற அளவுக்குச் சொன்னால் போதும். கூடவே 'ஆனா' என்று எதையும் சேர்க்காதீர்கள். நீங்கள் குரூப்பில் பேசியது, அதனால் வெளியே தள்ளப்பட்டது இதையெல்லாம் முதல் நாளே எடுத்துவைக்க வேண்டாம். அவனே கேட்டால் சொல்லலாம். ஊர் சார்பாக மன்னிப்பு கேட்கிறேன் என்றும் சொல்லாதீர்கள். உடைத்தவனும் பேசியவனும் கேட்க வேண்டிய மன்னிப்பு அது. உங்களால் வாங்கித் தர முடியாததை வாங்கித் தருவதாக வாக்கு கொடுக்க வேண்டாம். அம்மா வீட்டில் இருந்தால், அவரிடம் தனியாக ஒரு வார்த்தை பேசலாமா என்று முதலில் அவனைக் கேளுங்கள். அந்த வாய்ஸ் நோட்டைப் பற்றி அவருக்கு இதுவரை தெரியாமலே இருக்கலாம். தெரியாதென்றால் நீங்கள் போய்த் தெரிவிக்கக்கூடாது.

அவன் கதவைத் திறக்காவிட்டால்? அன்றைக்குத் திரும்பி வந்துவிடுங்கள், சில நாள் விட்டு மறுபடி போங்கள். அவன் கோபம் உங்கள் மேல் மட்டும் இருப்பதில்லை. அதைக் கொட்டுவதற்குக் கண்ணெதிரே இருக்கிற ஒரே ஆள் நீங்கள், அதனால் உங்கள் மேல் விழுகிறது.

அடுத்தது உங்கள் ஊர்ப் பையன்கள். எட்டப்பன் என்கிற பட்டம் வலிக்கத்தான் செய்யும். ஆனால் கும்பலாக இருக்கும்போது அவர்களைத் திருத்த முடியாது. குரூப்பில் ஒருவன் பேசினால், ஊருக்காகத் தன் விசுவாசத்தைக் காட்ட அடுத்தவன் இன்னும் ஒரு படி மேலே போவான். தனியாகப் பேசினால்தான் மனிதன் காது கொடுப்பான். உங்கள் பெரியப்பா மகனைத் தனியாகப் பாருங்கள். கேப்டன் என்ற மரியாதையோடு, அண்ணன் என்ற உரிமையோடு பேசுங்கள்.

பேசும்போது அவர்கள் பக்கத்தை விட்டுக்கொடுக்கச் சொல்லாதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மார்க் லெவினும் அவருடைய கூட்டாளிகளும் 2005-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தில் மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்களான மாணவர்களைக் கூப்பிட்டு, முதலில் தங்கள் கிளப்பைப் பற்றி எழுதச் சொன்னார்கள். பிறகு அவர்கள் நடந்து போகும் வழியில், ஓடிவந்த ஒருவர் கால் இடறி விழுவதுபோல் நடித்தார். அவர் போட்டிருந்தது யுனைடெட் சட்டையாக இருந்தால் பெரும்பாலானவர்கள் ஓடிப்போய் உதவினார்கள். பரம எதிரியான லிவர்பூல் சட்டை என்றால் உதவியவர்கள் குறைந்துவிட்டார்கள். இன்னொரு குழுவிடம், கால்பந்து ரசிகனாக இருப்பதில் என்ன சந்தோஷம் என்று எழுதச் சொன்னார்கள். இவர்களும் யுனைடெட் ரசிகர்கள்தான். ஆனால் லிவர்பூல் சட்டைக்காரர் விழுந்தபோதும் ஏறக்குறைய அதே அளவுக்கு ஓடிவந்தார்கள். யாரும் கிளப்பை மாற்றிக்கொள்ளவில்லை. தன்னை யார் என்று அந்த நேரத்தில் நினைத்தார்களோ அதுதான் மாறியது.

கொல்கத்தாவின் இரண்டு பெரிய கால்பந்து கிளப்களைப் பாருங்கள். ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் இலிஷ் மீன், மோகன் பகான் ஜெயித்தால் இறால் என்று சமையலிலேயே கட்சி பிரிந்த ஊர். அந்தப் பகை கட்டு மீறி, 1980 ஆகஸ்ட் 16-ல் ஈடன் கார்டன்ஸில் 16 ரசிகர்கள் செத்தும் போயிருக்கிறார்கள். அதே ஊரில் 2024 ஆகஸ்டில், கொல்லப்பட்ட ஒரு பெண் மருத்துவருக்கு நீதி கேட்டு இரண்டு கிளப் ரசிகர்களும் சால்ட் லேக் மைதானத்துக்கு வெளியே ஒன்றாக நின்றார்கள். அவரவர் ஜெர்ஸியைப் போட்டுக்கொண்டுதான் நின்றார்கள்.

உங்கள் அண்ணனுக்குக் கொல்கத்தா தூரமாகப் படலாம். கரையில் நடப்பதைச் சொல்லுங்கள். இப்போது கச்சான், அதாவது தென்மேற்குக் காற்றுக் காலம். தென்கடல் கொந்தளிக்கும்போது உங்கள் பக்கத்து வள்ளங்கள் எந்தக் கரைக்குப் போகின்றன? வடகிழக்கிலிருந்து வாடைக் காற்று அடிக்கத் தொடங்கினால் வடகடல்காரர்கள் எங்கே வருகிறார்கள்? இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் காலங்காலமாக அடுத்தவன் கரையில் வள்ளம் கட்டித் தொழில் பார்த்த பூமி அது. அங்கே ஒரு மீனவத் தாயைக் கேவலமாகப் பேசுவது உங்கள் ஊருக்குப் பெருமையா என்று அண்ணனிடம் கேளுங்கள். அந்த வாய்ஸ் நோட்டை அழிக்கச் சொல்வது, பேசியவனை நண்பனிடம் கூட்டிப்போவது, கண்ணாடிக்கு ஆன செலவை உடைத்தவர்களிடம் வாங்குவது எல்லாம் கேப்டன் சொன்னால் நடக்கும். ஒருவேளை அவர் மறுத்தால், அந்தப் பணத்தை நீங்களே கொடுங்கள். நண்பன் அதற்காகக் காத்துக்கிடக்க வேண்டாம்.

கலாய்ப்பதை நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள். கொடி ஆட்டுவது, வெடி போடுவது, தோற்றவனிடம் புரோட்டா வாங்கித் தின்பது எல்லாம்தான் இந்த ஆட்டத்தின் ருசி. வீட்டுப் பெண்களையும் ஒருவன் தொழிலையும் இழுப்பது வேறு. அந்தக் கோடு இரண்டு ஊருக்கும் நன்றாகத் தெரியும்.

கல்யாண விஷயம். நண்பன் வீட்டுக்கும் பெரியப்பா வீட்டுக்கும் பத்திரிகை வையுங்கள். யாரிடமும் 'அவரா நீயா' என்கிற பேச்சை எடுக்காதீர்கள். வரமாட்டேன் என்பவர் தன் வாயால் உங்கள் அப்பாவிடம் சொல்லட்டும், பெண்ணின் அப்பாவிடம் அதைச் சொல்வது லேசில்லை. மேடையில் கை குலுக்க வைத்து சமாதானம் செய்யும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். அன்றைக்கு உங்கள் தங்கச்சிதான் முக்கியம். நண்பனுக்குக் கூட்டத்தில் வரத் தயக்கம் என்றால், முந்தின நாள் காய்கறி வாங்கும்போது வந்து நிற்கட்டும். பந்திப் பொறுப்பை இன்னும் எதிர்பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லிவையுங்கள். செய்வதும் விடுவதும் அவன் விருப்பம்.

கடைசியாக உங்கள் தூக்கம். தோல்வி ரசிகனின் உடம்பையே பாதிக்கும். 1994 உலகக் கோப்பை இறுதிப்போட்டியில் பெனால்டி ஷூட்டவுட்டில் இத்தாலி பிரேசிலிடம் தோற்றது. அந்த ஆட்டத்தை டிவியில் பார்த்த ரசிகர்களின் எச்சிலைச் சோதித்தார்கள். ஜெயித்த பக்கத்து ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோன் ஏறியிருந்தது, தோற்ற பக்கத்துக்கு இறங்கியிருந்தது. யாரும் பந்தைத் தொடவில்லை, பார்த்ததற்கே அப்படி. எனவே இது கோளாறு இல்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள். ஆனால் ஆட்டத்தின் பாதிப்பு மட்டும் என்றால் சில நாளில் அடங்கியிருக்க வேண்டும். ஆவணி நெருங்கியும் தூக்கம் வரவில்லை என்றால், உங்களை எழுப்பிவைப்பது வாகன நிறுத்தத்தில் நடந்ததும் நண்பனின் மௌனமும்தான் என்று எனக்குப் படுகிறது. பெனால்டி வீடியோ போனில் இருந்தால் அழித்துவிடுங்கள். படுக்கும் நேரத்தில் போன் வேறு அறையில் இருக்கட்டும். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416. இலவசம், இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். இந்த வாரமே கூப்பிடுங்கள், தேவைப்பட்டால் எந்த மருத்துவரைப் பார்க்கலாம் என்று அவர்களே வழி சொல்வார்கள்.

கால்பந்தை விடவேண்டாம். அண்ணனிடம் பேசப் போகும்போது அடுத்த வருஷப் போட்டிக்கு ஒரு யோசனையையும் சேர்த்துக்கொண்டு போங்கள். இரண்டு ஊர் வண்டிகளுக்கும் வேறு வேறு இடம், அங்கேயும் ஜெனரேட்டர் விளக்கு, ஆட்டம் முடிந்து கூட்டம் கலையும்வரை இரண்டு ஊரிலிருந்தும் பெரியவர்கள் சிலர் அந்த வாசலில். கமிட்டிக்கு இதில் பெரிய செலவு ஒன்றும் இல்லை. யோசனை கேப்டனிடமிருந்து வந்ததாகவே இருக்கட்டும்.