கொல்லையில் ஒரு கொல்லுலை: கேள்வி-பதில்

வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே முறையீடுதான்: "உலை எரியுது, இரும்பு காயலை." அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அந்தப் பதில் கொஞ்சம் நீளம், ஏனென்றால் மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

லாரி பிரேக் டிரம்மில் உலை செய்தேன். அடியில் குழாய், காற்றுக்கு ஹேர் டிரையர். கரி தகதகவென்று எரிகிறது. ஆனால் கம்பி சிவப்பைத் தாண்டுவதில்லை, செதில் செதிலாக உரிகிறது. எங்கே தப்பு? (திண்டுக்கல்)

கரியின் உயரத்தில் தப்பு, காற்றின் வேகத்திலும் தப்பு. குழாய் வாயில் நுழையும் காற்றில் ஆக்சிஜன் நிறைய இருக்கிறது. அது கரியோடு சேர்ந்து தீர்ந்துபோக நாலைந்து அங்குல ஆழமாவது வேண்டும். அதற்குக் கீழே கம்பியை வைத்தால், கரி தின்ன வேண்டிய ஆக்சிஜனை இரும்பு தின்கிறது. நீங்கள் பார்க்கும் செதில் அதுதான்.

குழாய் வாய்க்கு மேல் ஆறு அங்குலம் கரி நிற்கட்டும். கம்பியைக் குத்தலாக அடிவரை செருகாதீர்கள். படுக்கை வாட்டத்தில், குழாய் வாயிலிருந்து நாலைந்து அங்குலம் மேலே கரிக்குள் செருகுங்கள். கம்பிக்குக் கீழேயும் கரி, மேலேயும் கரி. எரிந்து தாழத் தாழ ஓரத்திலிருந்து தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும்.

லாரி டிரம் இந்த வேலைக்கு அகலம் அதிகம். அப்படியே நிரப்பினால் மூட்டை மூட்டையாகக் கரி போகும், சூடு பரவி வீணாகும். உள்ளே மண் பூசி, எட்டு அங்குல வாயுள்ள கிண்ணமாகக் குறுக்குங்கள். களிமண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, கைப்பிடி உமி. புற்றுமண் கிடைத்தால் களிமண்ணுக்குப் பதில் அதையே எடுக்கலாம், நன்றாக ஒட்டும். சாம்பல் மட்டும் கலக்க வேண்டாம். அது மண்ணைச் சீக்கிரம் உருக வைக்கும். நிழலில் நாலைந்து நாள் காயவிட்டு, வெடிப்பை அதே மண்ணால் அடைத்து, பிறகு சின்னத் தீயில் வாட்டுங்கள். ஈரமண்ணில் நேராகப் பெரிய தீ மூட்டினால் சில்லு சில்லாகத் தெறிக்கும். சிமென்ட் பூசுவதும் ஆற்றுக் கூழாங்கல் அடுக்குவதும் இதே காரணத்தால் ஆபத்து.

அடுத்தது ஹேர் டிரையர். மரக்கரிக்கு அவ்வளவு காற்று தேவையே இல்லை. குழாயின் நடுவில் ஒரு டீ (மூன்று வாயுள்ள இணைப்பு) போட்டு, வேண்டாத காற்று வெளியே போக வழி வையுங்கள். கம்பியில் மத்தாப்பு மாதிரி பொறி தெறித்தால் இரும்பே எரிகிறது என்று அர்த்தம். அந்த முனை இனி உதவாது, வெட்டி எறிய வேண்டியதுதான். காற்றை மட்டுப்படுத்தினால் அதே கரியில் கம்பி மஞ்சளாகக் காயும்.

இதையெல்லாம் நிழலில் செய்யுங்கள். நம் ஊர் வெயிலில் சிவப்பு நிறத்தில் இருக்கும் இரும்பும் கறுப்பாகத்தான் தெரியும். சாயங்காலம் நல்ல நேரம்.

எந்தக் கரி வாங்குவது? (விழுப்புரம்)

சீமைக்கருவேலங்கரி. இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்தில் மூட்டம் போட்டு எடுத்து வரும் கரி எல்லா ஊரிலும் மூட்டையாகக் கிடைக்கிறது. கனமான கரி, நின்று எரியும். எலுமிச்சம்பழ அளவுக்கு உடைத்துக்கொள்ளுங்கள். பெரிய கட்டியாக இருந்தால் இடைவெளி வழியே காற்று தப்பும், தூளாக இருந்தால் அடைத்துக்கொள்ளும். கொட்டாங்கச்சிக் கரி சின்ன வேலைக்கு அருமை. பார்பிக்யூவுக்கென்று விற்கும் அச்சுக் கரி வேண்டாம், சாம்பல்தான் மிஞ்சும்.

வீட்டு கேஸ் சிலிண்டரில் உலை ஓட்டலாமா? (கோவை)

கூடாது. வீட்டு சிலிண்டரைச் சமையல் தவிர வேறு வேலைக்கு எடுப்பது 2000-ஆம் ஆண்டின் எல்.பி.ஜி. ஆணைப்படி தவறு. தொழில்முறையிலும் அது ஒத்துவராது. அடுப்புக்கான ரெகுலேட்டர் தரும் அழுத்தம் உலை பர்னருக்குத் துளியும் போதாது. 19 கிலோ வணிக சிலிண்டர், அழுத்தம் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டர், அதற்கேற்ற ஹோஸ் என்று முறையாகப் போக வேண்டும். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தேங்கி நிற்கும். முதல் ஆறு மாதம் கரியிலேயே கை பழகுங்கள் என்பேன்.

காயலான் கடையில் டி.எம்.டி. கம்பித் துண்டு, ஜி.ஐ. பைப், லாரி ஸ்பிரிங் பட்டை எல்லாம் கிடைக்கிறது. எது எதற்கு? (திருச்சி)

டி.எம்.டி. கம்பி கொக்கி, கொண்டி, கரண்டிக் காம்பு செய்யப் பழக நல்லது. கத்திக்கு ஆகாது. அதில் கார்பன் 0.3 சதவீதத்துக்குள்தான், எத்தனை முறை காய்ச்சித் தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்த்தாலும் முனை நிற்கிற அளவுக்கு இறுகாது.

ஜி.ஐ. எதுவாக இருந்தாலும் தீக்குள் போகக் கூடாது. மேல்பூச்சு துத்தநாகம், 907 டிகிரியில் கொதித்து வெள்ளைப் புகையாக வரும். தொடக்க காலத்தில் நான் ஒரு ஜி.ஐ. துண்டைக் காய்ச்சிவிட்டு, அன்றிரவு குளிர்காய்ச்சல் கண்டவன்போல் நடுங்கிக் கிடந்தேன். காற்றுக் குழாய்க்கும் உலையை ஒட்டிய பகுதியில் ஜி.ஐ. வேண்டாம், கறுப்பு இரும்புக் குழாய் போடுங்கள்.

ஸ்பிரிங் பட்டைதான் அரிவாளுக்கும் கத்திக்கும் உரிய சரக்கு. ஓடித் தேய்ந்த பட்டையில் மயிரிழை வெடிப்பு இருக்கலாம், தேய்த்துப் பார்த்து எடுங்கள்.

ஸ்பிரிங் பட்டையில் கத்தி அடித்துத் தண்ணீரில் தோய்த்தேன். 'டிங்' என்று சத்தம், நடுவில் வெடிப்பு. (நாகர்கோவில்)

அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும். தண்ணீர் வேகமாகக் குளிர வைக்கிறது. 0.5, 0.6 சதவீதக் கார்பன் உள்ள இந்த எஃகு அதைத் தாங்காது. எண்ணெயில் தோயுங்கள். கடலை எண்ணெய் போதும், 50 டிகிரி அளவுக்கு முதலில் சூடாக்கிக்கொள்ளுங்கள். பழைய என்ஜின் ஆயிலின் புகை நெஞ்சுக்குக் கேடு. பாத்திரம் இரும்பாக இருக்கட்டும், மூடி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். எண்ணெய் பற்றிக்கொள்வது சகஜம், மூடினால் அணையும்.

பதம் தெரிய ஒரு காந்தம் போதும். காய்ந்த இரும்பில் காந்தம் ஒட்டாமல் போவது 770 டிகிரியில். அதற்குச் சற்று மேலே இன்னொரு நிறம் ஏறவிட்டுத் தோயுங்கள். தோய்த்த கத்தி கண்ணாடி மாதிரி, கீழே விழுந்தால் ஒடியும். ஆறியதும் மேலே பளபளப்பாகத் தேய்த்து, ஓ.டி.ஜி. அடுப்பில் (கேக் சுடும் மின்சார அடுப்பு) 200 டிகிரியில் ஒரு மணி நேரம், இரண்டு தடவை வையுங்கள். வைக்கோல் நிறம் படரும். நீலம் வந்துவிட்டால் முனை மழுங்கும் அளவுக்கு இளகிவிட்டது.

பட்டறைக்கல் விலை கட்டுப்படியாகவில்லை. தண்டவாளத் துண்டு வாங்கலாமா? (சேலம்)

ரசீது இல்லாமல் வாங்காதீர்கள். ரயில்வே சொத்தை முறையில்லாமல் வைத்திருப்பதற்கென்றே 1966-இல் தனிச் சட்டம் வந்திருக்கிறது. முறையாகக் கிடைத்தால் நல்லதுதான். மீட்டருக்கு 60 கிலோ ரகத்தில் ஓரடித் துண்டே 18 கிலோ வரும். படுக்க வைக்காமல் செங்குத்தாக நிறுத்தி அடியுங்கள். அப்போது மொத்தக் கனமும் சுத்தியலுக்கு நேர் கீழே நிற்கும். தண்டவாளம் இல்லாவிட்டால் இருபது கிலோ கனத்த இரும்புக் கட்டி எதுவும் சரி. புளியங்கட்டையில் பதித்து, கையை மடக்கித் தொங்கவிட்டால் விரல் முட்டி தொடும் உயரத்தில் வையுங்கள்.

மொட்டை மாடியில் தகரக் கொட்டகைக்குள் வைக்கலாமா? (சென்னை)

வேண்டாம். கரித்தீ புகையாததால் பயமில்லை என்று நினைக்கிறோம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. இரண்டு பக்கமாவது திறந்த இடம், மண்தரை, பக்கத்தில் மணல் வாளி. மழை வந்துவிட்டதே என்று கனன்றுகொண்டிருக்கும் உலையை வீட்டுக்குள் தூக்கி வருவதுதான் எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து.

ஐயா, என் மகனுக்குப் பதினாலு வயது. பட்டறை வாசலிலேயே நிற்கிறான். பழக்கலாமா? (ஒரு தாய், சிவகங்கை)

தாராளமாகப் பழக்குங்கள் அம்மா, பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். பருத்திச் சட்டை, பேன்ட். தோல் செருப்பு வேண்டாம், மூடிய ஷூ. டெரிகாட்டன், பாலியஸ்டர் ஆகவே ஆகாது, பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டும். கண்ணுக்குக் கண்ணாடி. சுத்தியல் 800 கிராமுக்கு மேல் வேண்டாம். கீழே கிடக்கும் இரும்பு கறுப்பாக இருந்தாலும் புறங்கையை அருகே கொண்டுபோய்ச் சூடு பார்த்த பிறகே தொட வேண்டும், இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். முதல் மாதம் கத்திப் பேச்சே வேண்டாம். பத்து மில்லிமீட்டர் கம்பியில் முனை கூராக்கி, வளைத்து, ஒரு கொக்கி. பத்தாவது கொக்கி முதல் கொக்கியைவிட நேராக வரும். அதில் உங்கள் சமையலறைக் கரண்டியைத் தொங்கவிடுங்கள், அவன் பார்க்கும்படி.