செவ்வாயை மாற்ற நமக்கு என்ன உரிமை? குளத்துக்கரையில் இருந்து ஒரு பதில்

கேள்வி: செவ்வாய் போன்ற கோள்களை மனிதர் வாழும்படி மாற்றியமைப்பது அறமாகுமா? அந்தப் பணத்தையும் உழைப்பையும் பூமியைக் காப்பாற்றச் செலவிட வேண்டாமா?

நான் அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் பள்ளிக்கூட வாத்தியார், அறிவியல் பாடம். அம்மா பிறந்த ஊர் தேரிக்காட்டு ஓரம். கேள்வியைப் படித்ததும் முதலில் அந்தத் தேரிதான் கண்ணுக்குள் வந்தது.

நாசரேத்துக்கும் திருச்செந்தூருக்கும் நடுவே, காயாமொழிப் பக்கம் கிடக்கிறது குதிரைமொழித் தேரி. 1986-ல் மாவட்டம் பிரிந்த பிறகு கணக்குக்குத் தூத்துக்குடி; எங்கள் பேச்சில் எல்லாம் ஒரே நெல்லைச் சீமை. கண்ணுக்கெட்டிய தூரம் செக்கச்செவேலென்று மணல்மேடு. சித்திரை மதியம் செருப்பில்லாமல் பத்தடி வைக்க முடியாது. சின்னப் பிள்ளையில் ஆச்சி வீட்டுக்குப் போகும்போது ஒரு பனை நிழலில் இருந்து அடுத்த பனை நிழலுக்கு ஓடுவோம். கையில் அள்ளினால் மாவு மாதிரி நழுவும். வேர்த்த உள்ளங்கையில் ரேகை ரேகையாகக் காவி ஒட்டிக்கொள்ளும். வெள்ளை வேட்டியில் பட்டால் இரண்டு வெளுப்புக்கும் போகாது. ஒவ்வொரு மணல் துகள் மேலும் இரும்பு ஆக்சைடு, அதாவது துரு, பூச்சாகப் படிந்ததால் வந்த நிறம் அது. செவ்வாயின் சிவப்புக்குக் காரணமும் அதே இரும்புத் துருதான்.

2021 பிப்ரவரியில் நாசாவின் பெர்சிவரன்ஸ் என்ற ஆய்வு வண்டி செவ்வாயில் இறங்கி அனுப்பிய படங்களை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு என் செல்போனில் காட்டினேன். கொரோனாவுக்குப் பிறகு அப்போதுதான் வகுப்பு திறந்திருந்தது. ஒரு பிள்ளை பார்த்துவிட்டு, “சார், இது நம்ம தேரி மாதிரில்லா இருக்கு. தேரியிலயே பனை நிக்குதுன்னா அங்க நிக்காதா?” என்று கேட்டாள். ரொம்ப நல்ல கேள்வி. செவ்வாயில் ஊர் அமைக்கக் கிளம்பியிருக்கிற பெரிய பெரிய ஆட்கள் மனதிலும் ஓடுவது அடிப்படையில் இதுதான்.

நிக்காது. நிறத்தோடு ஒற்றுமை முடிந்தது. தேரியில் காற்று உண்டு, மழை உண்டு, மணலுக்கு நடுவே அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலில் சுனையே உண்டு. செவ்வாயின் காற்றழுத்தம் நம்முடையதில் நூறில் ஒரு பங்குகூட வராது. இருக்கிற கொஞ்சக் காற்றிலும் 95 சதவீதம் கரியமில வாயு. சராசரிக் குளிர் மைனஸ் 60 டிகிரி அளவில். மண்ணில் பெர்குளோரேட் என்ற உப்பு கலந்திருப்பதை 2008-ல் பீனிக்ஸ் கலம் கண்டது. உடம்பில் சேர்ந்தால் தைராய்டைக் கெடுக்கும் உப்பு. பூமியைச் சுற்றி இருப்பதுபோன்ற காந்தக் கவசமும் அங்கே கிடையாது. சூரியனில் இருந்து ஓயாமல் வீசும் துகள்கள், சூரியக் காற்று என்பார்கள், அடித்து அடித்து, இருந்த காற்றையும் விண்வெளிக்குக் கொண்டுபோய்விட்டது. இன்னும் கொண்டுபோய்க்கொண்டிருப்பதை மேவன் கலம் 2014-ல் இருந்து அளந்தது.

மாற்றிவிடலாம் என்பவர்கள் என்ன சொல்கிறார்கள்? ஃப்ளோரின் கலந்த வாயுக்களை அங்கேயே தயாரித்துக் காற்றில் விட்டால் சூடேறும் என்பது பழைய யோசனை. 2024-ல் ஒரு குழு, செவ்வாய் மண்ணில் இருந்தே இரும்பும் அலுமினியமும் எடுத்து நுண்ணிய கம்பித் துகள்களாகத் தூவினால் சுமார் 30 டிகிரி கூடும் என்று கணக்குப் போட்டது. கணக்கு சரியாகவே இருக்கட்டும். சூடு வரும், மூச்சுவிடக் காற்று வராது. நம் கைக்கு எட்டுகிற கரியமில வாயு முழுவதையும் கிளப்பினாலும் போதுமான அழுத்தம் கிடைக்காது என்று கோள்களை ஆராயும் ஜேக்கோஸ்கியும் எட்வர்ட்ஸும் 2018-ல் எழுதிய கட்டுரை ஏற்கெனவே காட்டிவிட்டது.

2023 டிசம்பரில் எங்கள் சீமையே மூழ்கியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நகர முடியாமல் ஜனங்கள் அதற்குள்ளேயே கிடந்தார்கள். அன்றைக்கும் மூச்சுவிடக் காற்று இருந்தது. தண்ணீர் வடிந்ததும் மண் மண்ணாகவே இருந்தது. அடுத்த பூவுக்கு, அதாவது அடுத்த நெல் பருவத்துக்கு, நாற்றுப் பாவினோம். பூமியின் ஆக மோசமான நாள்கூடச் செவ்வாயின் ஆக நல்ல நாளைவிட நமக்கு இணக்கமானது. ஆகவே ‘பூமி கெட்டால் அங்கே போய்விடலாம்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த நினைப்பு இங்கே செய்ய வேண்டிய வேலையில் கையைத் தளர்த்திவிடும்.

சரி, பணத்துக்கு வருவோம். ‘அந்தக் காசை இங்கே செலவழி’ என்ற வாதம் எனக்கு ஒப்பாது. எங்கள் பக்கத்து மகேந்திரகிரியில்தான் இஸ்ரோவின் விகாஸ் ராக்கெட் இன்ஜினைச் சோதிக்கிறார்கள். செவ்வாய்க்குப் போன மங்கள்யானைத் தூக்கிப்போன பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் இரண்டாம் அடுக்கு அந்த இன்ஜினில்தான் ஓடியது. பணகுடிப் பக்கம் போகும்போது மலையைப் பார்த்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிமிரும். மங்கள்யானுக்கு ஆன செலவு 450 கோடி ரூபாய். தாமிரபரணியில் சாக்கடை கலப்பது அந்த 450 கோடி போனதாலா? பாபநாசத்தில் பரிகாரம் என்று உடுத்த துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிறோமே, அதற்கும் ராக்கெட்டுக்கும் என்ன சம்பந்தம்? ஆற்றைக் கெடுத்தது நாம். அந்தப் பழியை மங்கள்யான் மேல் போடக் கூடாது. 2014 செப்டம்பர் 24-ல் செவ்வாயைச் சுற்றத் தொடங்கிய அந்தக் கலம் எட்டு வருஷம் பார்த்துக்கொண்டே இருந்தது. அங்கே ஒரு கல்லைக்கூடப் புரட்டவில்லை. பார்க்கப் போவது வேறு, மாற்றப் போவது வேறு. எனக்குப் பயம் இரண்டாவதில்தான்; அந்தப் பயத்தைக் கொடுத்தது எங்கள் ஊர்க் குளம்.

குளம் முழுக்க அமலை. வெங்காயத்தாமரை, ஆகாயத்தாமரை என்று மற்ற ஊர்களில் சொல்வார்கள். அமேசான் படுகையில் பிறந்த செடி. ஊதாப் பூவின் அழகுக்காகவே நாடு நாடாகக் கொண்டுபோனார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பிள்ளைகளும் பெரியவர்களுமாகப் பதினாலு பேர் இறங்கினோம். இடுப்பளவு தண்ணீர். ஒரு செடியைப் பிடித்து இழுத்தால் பக்கத்தில் பத்துச் செடி சேர்ந்து வரும்; தாயும் பிள்ளையுமாகக் கொடியில் பிணைந்து கிடக்கும். தண்டு காற்றடைத்த குமிழ், பஞ்சுபோல் லேசு. கீழே தொங்கும் கறுத்த வேர்க்கற்றை மட்டும் குடித்த தண்ணீரோடு அப்படிக் கனக்கும்; கரையேற்றுவதற்குள் தோள் இறங்கிவிடும். வேரை உதறினால் நத்தைக் குஞ்சுகளும் சேறும் கொட்டும். மத்தியானம் வரை இழுத்ததில் மடைக்கு முன்னால் ஒரு வீட்டு முற்றம் அளவு இடம் தெளிந்தது. வெயில் பட்டுத் தண்ணீர் மினுங்கியதும் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

மூன்று வாரம் கழித்துப் போய்ப் பார்த்தேன். முற்றம் இருந்த இடம் தெரியவில்லை. தோதான தண்ணீரில் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகிற செடி அது. அதன் விதை சேற்றுக்குள் பல வருஷம் கிடந்தும் முளைக்கும். நாம் விடுகிற சாக்கடைதான் அதற்கு உரம். கரையில் நின்ற பெரியவர், அந்தக் குளத்துத் தண்ணீரில் வாழை போட்டிருக்கிறவர், “வாத்தியாரே, கொண்டாந்தவன் பூவைப் பாத்து ஆசைப்பட்டிருப்பான். எடுக்கதுக்கு ஊரே எறங்கணும்லா” என்றார்.

சீமைக்கருவேலம் இன்னும் சிக்கலான கதை. அமெரிக்கக் கண்டத்து மரம். விறகுப் பஞ்சம் தீரட்டும் என்று அரசே விதையைப் பரப்பியது. எண்ணத்தில் குறை சொல்ல முடியாது. எத்தனையோ வீட்டு அடுப்பு அதனால் எரிந்தது. பிறகு குளத்துக்குள் புகுந்தது, தரிசை எல்லாம் பிடித்தது. 2017-ல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை வேரோடு எடுக்கச் சொன்னது. எடுத்தார்கள், திரும்ப முளைத்தது. ஆனால் விளாத்திகுளம் பக்கம் போய்ப் பாருங்கள். வானம் பார்த்த பூமியில் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பங்களுக்கு இன்றைக்கு அந்த மரம்தான் சோறு. வெட்டச் சொல்கிற எனக்கு அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. ஒரு மாற்றத்தைச் செய்துவிட்டால் அதன்மேல் ஆட்களுடைய பிழைப்பும் ஏறிக்கொள்கிறது. அப்புறம் தப்பு என்று தெரிந்தாலும் திருப்ப முடிவதில்லை. செவ்வாயில் ஆயிரம் பேரைக் குடியேற்றிய பிறகு ‘மாற்றியது தவறு, நிறுத்துங்கள்’ என்று யாரால் சொல்ல முடியும்?

அதற்காக மனிதன் இயற்கையில் கைவைக்கவே கூடாது என்பது என் கட்சி இல்லை. கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை தாமிரபரணியின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. கடைசியில் உள்ள ஸ்ரீவைகுண்டம் மட்டும் வெள்ளைக்காரன் காலத்தது. மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. எங்கள் நெல்லும் வாழையும் அவற்றால்தான். கட்டியவர்கள் அந்த ஆற்றைப் பரம்பரையாகப் பார்த்தவர்கள். எந்த மாதம் எவ்வளவு வரும், எந்த மடையை அடைத்தால் எந்த வயல் காயும் என்று அவர்களுக்குத் தெரியும். தப்புக் கணக்குப் போட்டால் அவர்கள் வீட்டு உலையிலேயே அது தெரிந்துவிடும். மாற்றுகிற உரிமை என்று ஒன்று உண்டென்றால் அது இப்படித்தான் வரும்: இடம் தெரிந்திருக்க வேண்டும், விளைவு தன் தலையில் விழ வேண்டும், கெட்டால் சரிசெய்யத் தெரிய வேண்டும்.

செவ்வாய் விஷயத்தில் இதில் ஒன்றும் நம்மிடம் இல்லை. 1961-ல் அமெரிக்க வானியலாளர் கார்ல் சேகன் வெள்ளிக் கோளின் மேகத்தில் பாசி விதைத்து அதை வாழத்தக்கதாக்கலாம் என்று எழுதினார். பிறகுதான் அங்கே தரையில் அழுத்தம் பூமியைப்போல் 90 மடங்கு என்று உறுதியானது. யோசனை உதவாது என்று ஆகிவிட்டது. அவரைவிடக் கோள்களைத் தெரிந்தவர்கள் அன்று குறைவு. அவருக்கே அவ்வளவுதான் தெரிந்திருந்தது.

கடைசியாக, எனக்கு ஆக முக்கியமாகப் படுவது. அங்கே யாராவது இருக்கிறார்களா என்று நாம் இன்னும் பார்த்து முடிக்கவில்லை. யாராவது என்றால் நுண்ணுயிர்தான். பெர்சிவரன்ஸ் இறங்கிய ஜெசீரோ சுமார் 45 கிலோமீட்டர் அகலப் பள்ளம். 350 கோடி வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆறு வந்து விழுந்து, ஏரியாகத் தேங்கி, வண்டலை விசிறிபோல் பரப்பிய இடம். வண்டல் தள்ளித் தள்ளியே துறைமுகக் கொற்கையைக் கடலை விட்டு உள்ளே கொண்டுவந்த ஆற்றங்கரையில் வளர்ந்தவன் நான். அந்தப் படத்தில் வண்டல் விரிந்து கிடப்பதைப் பார்த்ததும் ஒரு செத்த ஆற்றைப் பார்ப்பதுபோல் இருந்தது. 2024 ஜூலையில் அந்தப் பக்கத்துப் பாறை ஒன்றில் சிறுத்தைப் புள்ளி மாதிரிப் புள்ளிகளை வண்டி கண்டது. பழைய நுண்ணுயிர்கள் விட்ட தடமாக இருக்கலாம், உயிரே இல்லாத வேதிவினையாலும் வந்திருக்கலாம் என்று 2025-ல் நேச்சர் இதழில் கட்டுரை வந்தது.

உயிர் இல்லை என்றே முடிவானாலும், தொடாத அந்த மண் ஒரு ஏடு. எங்கள் பக்கத்துச் சிவகளைப் பறம்பில், அகழாய்வு நடந்த மேட்டில், ஒரு முதுமக்கள் தாழிக்குள் கிடந்த நெல் சுமார் 3,200 ஆண்டு பழசு என்று 2021-ல் தெரிந்தது. அந்தப் பறம்பைச் சமப்படுத்தி பிளாட் போட்டிருந்தால் அந்த நெல் எங்கே, நாம் எங்கே? செவ்வாயைச் சூடாக்கி, உறைந்த தண்ணீரை ஓடவிட்டு, பாசியைத் தூவுவது மொத்தப் பறம்பிலும் ஒரே நாளில் பொக்லைனை விடுவதுதான். உயிர் உண்டு என்று தெரிந்தாலோ, அது நம் வழியில் வராத தனி உயிர் என்றாலோ, இன்னும் கண்டிப்பாகச் சொல்வேன்: அது அவர்கள் வீடு. அப்படி ஒரு உயிர் இருந்தால் அதற்கு ஏற்றபடிதான் செவ்வாயைப் பேண வேண்டும் என்று, கோள்களை மாற்றுவதைப் பல காலம் ஆராய்ந்த கிறிஸ்டோபர் மெக்கேயே சொல்கிறார்.

இப்படி ஒதுங்கி நிற்க மனிதனுக்குத் தெரியும். 1967 விண்வெளி ஒப்பந்தம் மற்ற கோள்களைக் கெடுக்கும்படி அசுத்தம் செய்யக் கூடாது என்கிறது. இந்தியாவும் அதில் உண்டு. 1976-ல் செவ்வாயில் இறங்கிய வைக்கிங் கலங்களை அனுப்புவதற்கு முன் 110 டிகிரிக்கு மேல் சூடுபடுத்தி நுண்ணுயிர்களை ஒழித்தார்கள். சனிக் கோளுக்குப் போன கசினி, 1997-ல் கிளம்பி இருபது வருஷம் ஓடிய கலம். எரிபொருள் தீரப்போகிற நேரத்தில், அது அனாதையாகச் சுற்றி என்றைக்காவது என்செலடஸ் நிலவில் மோதினால் பனிக்கடியில் உள்ள கடலுக்குப் பூமியின் கிருமி போய்விடுமே என்று நினைத்து, 2017 செப்டம்பரில் சனிக்குள்ளேயே விட்டு எரித்தார்கள். அந்தக் கடலில் உயிர் இருக்கிறது என்று யாரும் கண்டது கிடையாது. இருக்கலாம் என்பதற்காகச் செய்தார்கள். இதை வகுப்பில் சொல்லும்போது எனக்குக் குரல் கம்மும்.

மனித உடம்பை வைக்கிங்கைப்போல் சூடுபடுத்தி அனுப்ப முடியாது. தோலிலும் குடலிலும் கோடானுகோடி நுண்ணுயிர்களோடுதான் நாம் எங்கும் போவோம். அதனால் என் பதில் இவ்வளவுதான். எந்திரங்கள் போகட்டும், நன்றாகச் சுத்தம் செய்து போகட்டும், நிறையப் போகட்டும். புள்ளி விழுந்த அந்தப் பாறையில் இருந்து குடைந்தெடுத்த துண்டு வண்டிக்குள் ஒரு குழாயில் மூடிக் கிடக்கிறது. அதையும் அதன் கூட இருக்கிற மற்றக் குழாய்களையும் இங்கே கொண்டுவந்து பார்த்து முடிக்கும் வரை, தண்ணீர் இருக்க வாய்ப்புள்ள இடம் எதிலும் மனிதக் கால் படக் கூடாது. மாற்றுகிற பேச்சையே அதற்கு அப்புறம்தான் எடுக்க வேண்டும்.